இரட்டை வேடக் காட்சியில் தெரியும் கோடு: பழைய படத்தைப் புதுப்பிக்கும்போது அழிக்கலாமா?

அடிவாரம் (சேலம், ஏற்காடு சாலை)

அனைவருக்கும் வணக்கம். அஸ்தம்பட்டிப் பக்கம் மாதம் ஒரு முறை கூடிப் பழைய படம் பார்க்கும் எங்கள் வட்டத்தில் ஒரு விவாதம் மூண்டிருக்கிறது. அங்கே முடிவுக்கு வராததால் இங்கே கொண்டுவருகிறேன்.

அடுத்த திரையிடலுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். நாயகனுக்கு இரட்டை வேடம். நல்லவனும் கெட்டவனும் ஒரே மண்டபத்தில் நேருக்கு நேர் நிற்கிறார்கள், நடுவில் ஒரு தூண். அந்தத் தூணின் ஓரமாக மேலிருந்து கீழே ஒரு மங்கலான கோடு ஓடுகிறது. இடப்பக்கம் வெளிச்சம் சற்றுக் கூடுதல், வலப்பக்கம் குறைவு. எங்கள் வட்டத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் கணினியில் அந்தக் கோட்டை முழுவதுமாக எடுத்துவிட்டார். இரு பக்க வெளிச்சத்தையும் சமன் செய்து, படம் முழுக்க இருந்த, பிலிமுக்கே இயல்பான பொடி போன்ற துகளையும் (கிரெயின்) துடைத்துவிட்டார். உழைப்பு பெரியது. ஆனால் அந்தப் பிரதியைத் திரையிடக் கூடாது என்கிறேன்.

1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திரன்'தான் தமிழில் இரட்டை வேடத்தைக் காட்டிய முதல் படம். பி.யு. சின்னப்பா இரண்டு ஆளாக நின்றது நம் ஊர் நிறுவனத்தின் படத்தில். அந்தக் காலத்தில் இதை எப்படி எடுத்தார்கள் என்று பலருக்குத் தெரியாது. லென்ஸுக்கு முன்னால் பாதியை மறைத்து ஒரு தகடு வைப்பார்கள். அதுதான் மாஸ்க். நடிகர் ஒரு பக்கம் நின்று நடித்து முடிப்பார். லென்ஸை மூடிவிட்டு, ஓடிய பிலிமை அதே அளவு பின்னோக்கிச் சுற்றி, தகட்டை மறுபக்கம் மாற்றுவார்கள். நடிகர் வேறு உடையில் வந்து, எதிரில் ஆளே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து வசனம் பேசுவார். இடையில் கேமரா மயிரிழை நகர்ந்தாலும் தூண் இரண்டாக உடைந்துவிடும். மின்சாரம் ஏறி இறங்கினால் ஒரு பாதி இருண்டுவிடும். நடிகர் மறந்து கையை நீட்டினால் கை வெட்டுப்பட்டுவிடும். இரண்டும் ஒரே நெகட்டிவில் பதிவதால், இரண்டாவது தடவை பிசகினால் முதல் தடவை நடித்ததும் வீண். கோடு தூணின் ஓரத்தில் விழும்படி காட்சியை அமைத்தார்களே, அந்த யோசனையே ஒரு கலை. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால், அவர்கள் செய்த வேலையின் தடம் எங்கே இருக்கும்?

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பிக்சல்தறி (சேலம்)

அண்ணன் சொல்லும் 'தம்பி' நான்தான். என் பக்கத்தையும் கேளுங்கள்.

சோதனைக்காக அந்தக் காட்சியை என் அக்கா பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். வசனம் உச்சத்தில் இருக்கிறது, பிள்ளைகள் தூணைக் காட்டிச் சிரிக்கிறார்கள். நடிகரின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. கதையில் ஒன்ற விடாமல் தடுக்கும் ஒன்றை எடுத்துவிட்டால், அந்தக் கலைஞர்கள் விரும்பியதைத்தானே நான் செய்திருக்கிறேன்? கோடு தெரிய வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படவில்லை. தெரியக் கூடாது என்றுதான் தூணின் ஓரத்தில் ஒளித்தார்கள். அவர்களால் முடியாமல் போனதை இன்றைய கருவி முடித்துவைக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு பாதியும் இரண்டு தனி ஓட்டத்தில் பதிவானவை. பிலிம் கேமராவுக்குள் ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்று வேறு மாதிரி ஆடும். அதனால் இடப்பாதி ஒரு விதமாகவும் வலப்பாதி வேறு விதமாகவும் நடுங்குகின்றன. ஆட்டத்தை நிறுத்தும் மென்பொருளைப் போட்டால் அது ஒரு பாதியைப் பிடித்து நிறுத்துகிறது. மறுபாதி முன்னைவிட அதிகமாக ஆடுகிறது. வேறு வழியில்லாமல்தான் இரண்டையும் தனித்தனியாக நிறுத்தி, நடுவில் தூணைப் புதிதாக வரைந்தேன்.

ஊஞ்சல் (ஆத்தூர்)

தூணையே புதிதாக வரைந்தீர்களா? அப்படியானால் இப்போது திரையில் இருப்பது அந்தப் படத்தின் தூண் இல்லையே தம்பி.

கார்பன் வெளிச்சம் (செவ்வாய்ப்பேட்டை)

நான் சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்திலிருந்து பிலிம் நின்றுபோன காலம் வரை வேலை பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள்.

தம்பி, நீங்கள் பார்க்கும் கோடு அன்றைக்குக் கொட்டகையில் இந்த அளவுக்குத் தெரிந்ததா என்று யோசித்தீர்களா? நெகட்டிவில் நிழலுக்குள் இருக்கும் விவரம் எல்லாம் கொட்டகையில் ஓட்டும் நகலான பிரிண்டுக்கு வந்துசேராது. பிரிண்ட் பிலிமில் கறுப்பு அழுத்தமாக விழும். தூணின் நிழல் பக்கத்தில் கோடு விழுந்திருந்தால் அந்தக் கறுப்பில் மூழ்கிவிடும். அதற்கு மேல் கொட்டகையின் வெளிச்சம். கார்பன் எரிய எரியக் குச்சிகளின் இடைவெளி கூடும், திரை மங்கும், நாங்கள் தள்ளிவிட்டுச் சரிசெய்வோம். துணித் திரை, முன்வரிசையிலிருந்து எழும் பீடிப் புகை. இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் படம் கண்ணுக்கு வந்தது. ஒளிப்பதிவாளருக்கு இது நன்றாகத் தெரியும். எந்த அளவு கோடு பிரிண்டில் மறையும் என்று கணக்குப் போட்டுத்தான் மாஸ்க்கை வைத்தார்.

இப்போது நல்ல ஸ்கேனரில் போட்டு, நிழலை எல்லாம் தூக்கி வெளிச்சமாக்கி, டிவியில் பளிச்சென்று பார்க்கிறோம். அன்று யாருக்கும் தெரியாதது இன்று தெரிகிறது. பிறகு "கோடு தெரிகிறது, அழிக்கிறேன்" என்கிறோம். கோட்டை வெளியே இழுத்துவிட்டது நாம்தான். நிழலை அது இருந்த இடத்துக்கே இறக்குங்கள். பெரும்பாலும் கோடு தானாகவே உள்ளே போய்விடும். மிச்சமாக ஏதாவது தெரிந்தால் அது அன்றும் தெரிந்தது. அதைத் தொடாதீர்கள்.

சேர்வராயன் சாரல் (ஏற்காடு)

கார்பன் வெளிச்சம் ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் சென்னையில் ஒரு லேபில் நிறம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போது ஏற்காட்டில் அம்மாவோடு இருக்கிறேன்.

ஐயா சொன்னதற்கு வெளிநாட்டில் ஒரு தெளிவான உதாரணம் உண்டு. 1953-இல் வந்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க் கிரகத்து விமானங்கள் கம்பியில் தொங்கும் சிறிய மாதிரிகள். அன்றைய டெக்னிகலர் முறை வண்ணப் பிரிண்டில் சாயம் சற்றே பரவும், கறுப்பும் ஆழமாக இருக்கும். கம்பிகள் அதில் அடங்கிக் கிடந்தன. பிற்காலத்தில் வேறு வகைப் பிலிமிலும் வீடியோவிலும் பிரகாசமாக்கிப் பிரதி எடுத்தபோது கம்பிகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. "மோசமான தந்திரக் காட்சி" என்ற பெயரே அந்தப் படத்துக்கு வந்துவிட்டது. 2018-இல் மூல நெகட்டிவ்களிலிருந்து புதுப்பித்தபோது பழைய பிரிண்டின் நிறத்தையும் அடர்த்தியையும் அளவுகோலாக வைத்துக் கம்பிகளை மறைத்தார்கள். அதை நான் ஏற்கிறேன். பார்வையாளர் அன்று பார்த்ததை மீட்டெடுத்தார்கள். புதிய விமானம் வரைந்து ஒட்டவில்லை.

திரைப்பட ஆவணக் காப்பகங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபியாஃப் தன் நெறிமுறையிலேயே இந்த எல்லையை வகுத்திருக்கிறது. காலத்தாலும் தேய்மானத்தாலும் படத்தின் மேல் படிந்ததை நீக்கலாம், விடுபட்டதை நிரப்பலாம். மூலத்தின் இயல்பையும் படைத்தவரின் நோக்கத்தையும் மாற்றக் கூடாது. கீறல், பூஞ்சை, கிழிசல், சாயம் வெளுத்தது எல்லாம் காலம் செய்தவை. மாஸ்க் கோடு, மினியேச்சர் எனும் சிறு மாதிரி, நடிகருக்குப் பின்னால் திரையில் வேறு படத்தை ஓட்டும் பேக் புரொஜெக்‌ஷனில் பின்னால் ஓடும் மங்கலான சாலை எல்லாம் மனிதர் செய்தவை.

துகளைத் துடைத்தது பற்றி யாரும் பேசவில்லை. என் கவலை அதில்தான் அதிகம். காட்சி கரைந்து மாறும் டிஸ்ஸால்வ், தந்திரக் காட்சி, எழுத்து ஓடும் இடம் ஆகியவற்றில் பெரும்பாலும் நெகட்டிவின் நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்திருப்பார்கள். அங்கே துகள் கூடும், படம் சற்றுத் தடிக்கும். பழைய படம் பார்த்துப் பழகியவருக்கு, "இதோ ஏதோ நடக்கப் போகிறது" என்று அந்த மாற்றமே சொல்லிவிடும். முழுப் படத்தையும் ஒரே அளவில் துடைத்தால் நடிகரின் கன்னம் மெழுகாகிவிடுகிறது, பட்டுச் சேலையின் நெசவு காணாமல் போகிறது. 2024-இல் 'ட்ரூ லைஸ்' என்ற ஹாலிவுட் படம் 4கே வட்டில் வந்தபோது ரசிகர்கள் கொதித்தது இந்த மெழுகு முகத்துக்காகத்தான். இத்தனைக்கும் பெரிய நிறுவனம், பெரிய செலவு.

இன்னொரு ஆபத்து தூசி நீக்கும் தானியங்கிக் கருவி. ஒரே ஒரு பிரேமில் தோன்றி மறையும் எதையும் அது தூசி என்று எண்ணிவிடும். நம் புராணப் படங்களில் அம்பும் அம்பும் மோதும்போது பொறி தெறிக்குமே, அதைப் பிரேம் பிரேமாகக் கையால் வரைந்திருப்பார்கள். கருவி அதைத் தின்றுவிடும். ஒளி ஆட்டத்தைச் சமன் செய்யும் கருவி மின்னல் வெட்டையே அணைத்துவிடும். தம்பி, உங்கள் படத்தில் மின்னல் காட்சி இருந்தால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிக்சல்தறி

இருக்கிறது அக்கா. மண்டபக் காட்சிக்கு முன்னால். இன்று இரவே பார்க்கிறேன்.

மேட்டூர் அலை

இவ்வளவு கறார் தேவையா? படைத்தவரே திரும்பி வந்து மாற்றினால் என்ன சொல்வீர்கள்? ஜார்ஜ் லூகாஸ் 1997-இல் தன் 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் புதிய கணினிக் காட்சிகளைச் சேர்த்தார். அவருடைய படம், அவருடைய உரிமை. நம் ஒளிப்பதிவாளர்களும் இன்று இருந்திருந்தால் கோட்டை முதலில் அழிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அடிவாரம்

மேட்டூர் நண்பரே, அதே லூகாஸ் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, பழைய படங்களுக்கு நிறம் பூசி மாற்றுவதை எதிர்த்துப் பேசியவர். எதிர்காலத்தில் மூல நெகட்டிவ்களே மாற்றப்பட்டுவிடும் என்று அன்று எச்சரித்தார். புதிய வடிவம் செய்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1977-இல் மக்கள் பார்த்த வடிவத்தை நல்ல தரத்தில் கடையில் கிடைக்காமல் செய்ததுதான் கோபம். மினியேச்சர் செய்தவர், கண்ணாடியில் ஓவியம் தீட்டியவர், படங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பதிக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் இரவு பகலாக உழைத்தவர் எல்லோருக்கும் அந்தப் படத்தில் பங்கு இருக்கிறது. இயக்குநர் ஒருவரின் விருப்பத்தால் அவர்கள் வேலை மறைந்துபோவதை நான் ஏற்க மாட்டேன்.

இதற்கு நேர் எதிரான நல்ல வழியும் இருக்கிறது. 'ஸ்டார் டிரெக்' பழைய தொடருக்கு 2006-இல் புதிய கணினிக் காட்சிகள் செய்தார்கள். பிறகு ப்ளூ-ரே வட்டில் பழைய விண்கலம், புதிய விண்கலம் இரண்டையும் வைத்து, பார்ப்பவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டார்கள். அப்படிச் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மேட்டூர் அலை

இரண்டும் கிடைக்க வேண்டும் என்பதில் நானும் உங்களோடு நிற்கிறேன். படைத்தவரின் உரிமை விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

நாலு ரோடு ரசிகை (சேலம்)

நம் பக்கத்துக்கு வருவோமே. 'மாயாபஜார்' 1957-இல் வந்தது. மார்கஸ் பார்ட்லியின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு. கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ் உட்கார்ந்திருக்க, லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகும். இன்றும் என் வீட்டில் குழந்தை முதல் பாட்டி வரை வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். 2010-இல் தெலுங்கு வடிவத்துக்கு நிறம் பூசி வெளியிட்டார்கள், மக்கள் திரண்டு பார்த்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பார்ட்லி நிலவொளியைச் சாம்பல் நிறத்தின் நூறு சாயல்களில் கட்டியிருந்தார். அதன்மேல் பூசிய நீலம் எனக்கு நிலவாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வெளியீட்டால்தான் பல இளைஞர்கள் அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிவாஜி நடித்த 'கர்ணன்' 2012-இல் டிஜிட்டலில் மறுபடி வந்தபோதும் கூட்டம் அலைமோதியது. அகலத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். பழைய சதுரத்துக்கு அருகிலான சட்டகத்தை வெட்டி சினிமாஸ்கோப் அகலத்துக்குக் கொண்டுவந்தால், உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். தந்திரக் காட்சிகளுக்கு இதைப்போல ஒரு கேடு வேறு இல்லை. வானத்திலிருந்து இறங்குவதும் விசுவரூபம் எடுப்பதும் உயரத்தை நம்பிச் செய்தவை. தலைக்கு மேல் இருக்க வேண்டிய வானத்தை வெட்டிவிட்டுக் கோட்டைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பியின் பிரதி என்ன அளவில் இருக்கிறது?

பிக்சல்தறி

அகலத்திரை அளவில்தான் செய்தேன் அக்கா. டிவி நிறைய வர வேண்டும் என்று. மூலத்தில் முழுச் சட்டகமும் இருக்கிறது, மாற்றிவிடலாம்.

மின்னல் காட்சியைப் பார்த்துவிட்டேன். சாரல் அக்கா சொன்னபடியே மூன்று வெட்டில் இரண்டு காணவில்லை. அவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

நிழலை இறக்கும் வேலையும் செய்து பார்த்தேன். கோடு பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. தூணின் மேல் முனையில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. இரு பக்க வெளிச்ச வித்தியாசமும் இப்போது உறுத்தவில்லை, விளக்கு ஒரு பக்கம் இருப்பதுபோல் இயல்பாக இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியின் தனித்தனி நடுக்கம் அப்படியே இருக்கிறதே, அதை என்ன செய்வது?

சேர்வராயன் சாரல்

அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் தம்பி. முழுச் சட்டகமும் சேர்ந்து ஆடினால் அது பிலிம் சுருங்கியதாலோ ஸ்கேனரில் ஓடியதாலோ வந்தது. அதை நிறுத்துங்கள். ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் இடையில் இருக்கும் சிறு ஆட்டம் கேமராவுக்குள்ளேயே பிறந்தது. அதை விட்டுவிடுங்கள். பிலிம் ஓரத்துத் துளைகளைப் பிடித்து நிறுத்தினால் இது தானாகப் பிரியும். உள்ளே இருக்கும் தூணைப் பிடிக்காதீர்கள்.

நிறப் படம் என்றால் இன்னும் சிக்கல். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவாகலர் என்ற வகை வண்ணப் பிலிம். அந்தக் காலத்து நிறப் பிலிம்களின் சாயம் ஆண்டுகள் ஓட ஓட வெளுக்கும், அதுவும் ஒவ்வொரு சாயமும் ஒவ்வொரு வேகத்தில். கண்ணால் பார்த்து "சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் கூட்டு" என்று இன்றைய படத்தின் நிறத்துக்குக் கொண்டுபோய்விடுவது எளிது. கேவாகலருக்கென்று இருந்த மென்மையான சாயல் அதில் தொலைந்துவிடும். நன்றாகப் பாதுகாத்த பழைய பிரிண்ட் ஒன்று பக்கத்தில் இல்லாமல் அந்த வேலையில் நான் இறங்க மாட்டேன்.

கார்பன் வெளிச்சம்

நிறம் என்றதும் இன்னொன்று. 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம் ஹாலிவுட்டோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படம், தமிழில் 'காடு'. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்திப் பழங்காலத்து மாமூத்துகளாக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் அதைப் பழுப்புச் சாயலில் வெளியிட்டார்கள். அதை வெறும் கறுப்பு வெள்ளையாக்கிக் கூர்மையையும் ஏற்றினால் ரோமம் எங்கே முடிகிறது, யானைத்தோல் எங்கே தொடங்குகிறது என்பது அப்பட்டமாகத் தெரியும். அந்தப் பழுப்பும் வேடத்தின் ஒரு பகுதிதான்.

இவ்வளவு வாதாடுகிறோம், ஆனால் கோடு இருக்கிறதா இல்லையா என்று பேசுவதற்கு முதலில் படம் இருக்க வேண்டும். இதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-இல் எடுத்த 'பாலன்', மலையாளத்தின் முதல் பேசும் படம். பாட்டுப் புத்தகமும் சில ஸ்டில்களும்தான் மிஞ்சின. ஏற்காடு சாலையில் நிற்கும் அந்த நிறுவனத்தின் நுழைவு வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட், சீக்கிரம் தீப்பிடிக்கும். அதற்குத் தப்பியவற்றையும் பிலிமில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காக எடைக்குப் போட்டார்கள். நம் நாட்டில் செலவு கருதி மூல நெகட்டிவிலிருந்தே பிரிண்ட் மேல் பிரிண்ட் போட்டு அதையும் தேய்த்தார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான்.

ஊஞ்சல்

ஐயா சொன்னதும் கேட்கத் தோன்றியது. எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணில் 16 எம்.எம். டப்பாக்கள் இருக்கின்றன. ஊர் ஊராகப் படம் காட்டியவர் அவர். மூடியைத் திறந்தால் புளித்த நெடி வருகிறது. ஆத்தூர் வெயிலில் வீணாகிறது, ஏற்காட்டில் உறவினர் வீட்டில் குளிர்ச்சியாக வைத்துவிடலாம் என்கிறார் அண்ணன். அனுப்பலாமா? ஒரு டப்பாவில் ஏதோ மாயாஜாலப் படம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது.

சேர்வராயன் சாரல்

ஏற்காட்டுக்கு அனுப்பாதீர்கள்! குளிர்ச்சி நல்லதுதான், ஆனால் இங்கே மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். என் புத்தகங்களே பூஞ்சை பிடிக்கின்றன. பிலிமின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூஞ்சைக்கு விருந்து. பிலிமுக்குக் குளிர்ச்சியோடு வறட்சியும் வேண்டும்.

அந்த நெடி, பிலிமின் அடிப்பொருளான அசிட்டேட் சிதையும்போது வரும் வினிகர் வாசனை. 16 எம்.எம். என்பதால் நைட்ரேட் பயம் வேண்டாம், தீப்பிடிக்கும் வகை இல்லை. நெடி வரும் டப்பாக்களை வராதவற்றிலிருந்து இன்றே பிரித்து வையுங்கள். அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள். பரணை விட்டு இறக்கி, வீட்டின் உள்பகுதியில், தரையோடு ஒட்டாமல், காற்றோட்டமான அலமாரியில் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய பிலிம் பற்சக்கரத்தில் கிழியும். டப்பா மேல் ஒட்டிய சீட்டுகளைப் படம் பிடித்து எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். சிதைவு தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். அதனால் ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடிவாரம்

எங்கள் வட்டத்தில் நேற்றுப் பேசி முடிவு செய்துவிட்டோம். தம்பியின் இரண்டாவது பிரதியைத் திரையிடுகிறோம். முழுச் சட்டகம், துகள் அப்படியே, நிழல் பிரிண்டின் அளவுக்கு இறக்கியது, தூண் பழைய தூண். கீறலும் அழுக்கும் மட்டும் நீக்கியது. முதல் பிரதியையும் தம்பி அழிக்கவில்லை, தனியாக வைத்திருக்கிறார். படம் முடிந்த பிறகு மண்டபக் காட்சியை மட்டும் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டி, மாஸ்க் எப்படி வைத்தார்கள் என்று அவரே ஓர் அட்டையை வைத்து விளக்கப்போகிறார். அக்கா பிள்ளைகளும் வருகிறார்களாம்.

கார்பன் வெளிச்சம் ஐயா, நீங்கள் முன்னதாகவே வந்து புரொஜெக்டரைப் பார்த்துத் தர வேண்டும். எங்கள் கருவியில் அசைவை வழவழப்பாக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

கார்பன் வெளிச்சம்

வருகிறேன் தம்பி. அந்த வசதியை நிறுத்து, கூர்மையைப் பாதிக்குக் குறை, பளபளப்பு நிறம் என்று ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட்டுச் சினிமா என்பதில் வை. சுவர் வெள்ளையாக இருந்தாலும் நேராகச் சுவரில் அடிக்காதே, துணித் திரை கட்டு. சன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும், அது என்னிடம் இருக்கிறது.